புகார் ஆப் எழுதும் நண்பர்களுக்கு: நிரலைத் திறந்து வைத்தால் போதுமா?

கேட்டவர் ஒரு நகராட்சி ஊர்க்காரர். கல்லூரி நண்பர்கள் நான்கைந்து பேர் சேர்ந்து தெருவிளக்கு, குடிநீர், குப்பை, சாக்கடை என்று ஊர்ப் பிரச்சினைகளைப் புகார் செய்ய ஒரு ஆப் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். ஓப்பன் சோர்ஸாகவே, அதாவது அதன் நிரலை (கோட்) யாரும் பார்க்கவும் மாற்றவும் திறந்து வைத்தே, வெளியிடப் போகிறார்கள். அவர் கேட்டது மூன்று. இப்படிப்பட்ட ஆப்கள் ஏன் கொஞ்ச நாளிலேயே கேட்பாரற்றுப் போகின்றன? ஓப்பன் சோர்ஸாக இருப்பதால் பொதுமக்களுக்கு உண்மையில் என்ன நன்மை? எந்த லைசென்ஸ் (நிரலை மற்றவர்கள் எப்படிப் பயன்படுத்தலாம் என்ற உரிமம்) போடுவது? கடைசிக் கேள்விக்குப் பதில் சில வரிகளில் முடிந்துவிடும், அதைக் கடைசியில் சொல்கிறேன். முதல் கேள்வியில்தான் விஷயம் இருக்கிறது.

நான் பல வருடங்களாக ஓப்பன் சோர்ஸில் எழுதுகிறவன். அரசு சேவைகளுக்கான மென்பொருளிலும் கொஞ்சம் கை வைத்திருக்கிறேன். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே உலகம் போலத் தெரியும். ஆனால் ஒரு முக்கியமான இடத்தில் இரண்டுக்கும் ஒத்துப்போகாது. ஓப்பன் சோர்ஸ் திட்டங்களில் பல, எழுதுகிறவரின் சொந்தத் தேவையில் பிறந்தவை. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் 'கிட்' மென்பொருளை 2005இல் எழுதியது லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் வேலைக்கு அவருக்கே ஒரு கருவி தேவைப்பட்டதால்தான். எழுதுகிறவரும் பயன்படுத்துகிறவரும் ஒரே ஆளாக இருக்கும்போது, பயன்படுத்த எளிதா என்ற கேள்வியே எழாது. பிடிக்காதவர்கள் வேறொன்றுக்குப் போவார்கள், கோபம் அதிகமானால் ஃபோர்க் செய்துகொள்வார்கள், அதாவது நிரலை நகலெடுத்துத் தங்கள் வழியில் வளர்ப்பார்கள். யாருக்கும் பெரிய நஷ்டமில்லை.

இந்தப் பழக்கத்துக்கு ஒரு நல்ல உதாரணம் லினக்ஸ் கணினிகளின் திரையமைப்பான க்னோம் டெஸ்க்டாப். அதன் கடிகாரத்தில் 'யுனிக்ஸ் நேரம்' காட்டு என்று ஒரு தேர்வு இருந்த காலம் உண்டு. அதாவது 1970 ஜனவரி 1இலிருந்து எத்தனை நொடிகள் கடந்தன என்று மணி காட்டும். யாரோ ஒரு புரோகிராமருக்கு அது வேடிக்கையாகவோ உபயோகமாகவோ இருந்திருக்கும். 2001இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் க்னோமைப் பழகாத ஆட்களை உட்காரவைத்துச் சோதித்து அறிக்கை வெளியிட்டது. அடுத்த வருடம் வந்த க்னோம் 2இல் தேர்வுகள் கத்தை கத்தையாகக் குறைந்தன. பழகிய கைகள் பல கொதித்தன. எனக்கும் அன்று கொஞ்சம் எரிச்சல்தான். ஆனால் அந்தச் சண்டையின் உச்சத்திலும், பிடிக்காதவர்கள் அதே வேலையைச் செய்யும் கேடிஇக்குப் போய்விடலாம் என்ற கதவு திறந்தே இருந்தது.

அரசுச் சேவையில் அந்தக் கதவு கிடையாது. சாதிச் சான்றிதழ் தரும் தளம் பிடிக்கவில்லை என்று வேறொரு தளத்தில் வாங்கிக்கொள்ள முடியாது. படிவம் குழப்பமாக இருந்தால் அதற்கான விலையை வந்தவர் கொடுத்துத்தான் தீர வேண்டும். ஒரு நாள் கூலி போகும், பஸ் கட்டணம் போகும், கணினி மையத்துக்கு ஒரு தொகை போகும். மென்பொருள் எந்தச் சுமையைத் தூக்கவில்லையோ அது அவர் தலையில்தான் இறங்கும். சிவிக் டெக்கில் (குடிமக்கள் சேவைக்கான மென்பொருளில்) யூசபிலிட்டி, அதாவது பயன்படுத்த எளிதாக இருப்பது, என்று நான் சொல்வது இதைத்தான். பட்டனின் நிறத்துக்கும் ஐகானின் வளைவுக்கும் அதில் சின்ன இடம்தான். உங்கள் ஆப் பிழைக்குமா என்பதும் பெரும்பாலும் இந்தச் சுமைக் கணக்கில் இருக்கிறது. புகார் ஆப்பில் மட்டும் ஒரு வித்தியாசம்: அதைப் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்று யாருக்கும் கட்டாயமில்லை. கவுன்சிலருக்குப் போன் போடலாம், இல்லை பேசாமல் இருந்துவிடலாம். அதனால் சுமை கூடினால் உங்களிடம் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். பேசாமல் அன்இன்ஸ்டால் செய்துவிடுவார்கள்.

2021 மே மாதம் எல்லோருக்கும் நினைவிருக்கும். 18 முதல் 44 வயது வரையுள்ளவர்களுக்கும் தடுப்பூசி என்று அறிவித்தபோது, அவர்களுக்குக் கோவின் தளத்தில் முன்பதிவு கட்டாயமாக இருந்தது. ஊசி கொஞ்சம், ஆட்கள் கோடிக்கணக்கில். தளத்தின் வடிவமைப்பு மோசம் என்று சொல்ல மாட்டேன். போன் நம்பர், ஓடிபி, பின்கோடு, இடம் இருந்தால் ஒரு தட்டு. ஆனால் இடங்கள் திறந்த சற்று நேரத்திலேயே தீர்ந்துபோயின. ஏபிஐ (வேறு மென்பொருள்கள் தளத்திலிருந்து நேரடியாகத் தகவல் எடுக்கும் வாசல்) பொதுவில் இருந்ததால் நம்மைப் போன்றவர்கள் உடனே வேலையில் இறங்கினார்கள். காலி இடம் வந்ததும் டெலிகிராமில் தகவல் தரும் சேவைகள் முளைத்தன. மிகவும் பேசப்பட்ட ஒன்றை எழுதியவர் சென்னைப் புரோகிராமர். நல்ல மனதோடு செய்த வேலை, பலருக்கு ஊசி கிடைக்க உதவியது. கூடவே, ஆள் தொடாமலே பதிவு செய்யும் ஸ்கிரிப்ட்களும் வந்தன. வந்திருப்பது மனிதர்தானா என்று சோதிக்கும் கேப்ட்சா வைத்தார்கள், அதைப் படிக்கும் ஸ்கிரிப்ட் வந்தது. பிறகு பொது ஏபிஐ தரும் தகவல் அரை மணி நேரம் வரை பழையதாக இருக்கலாம் என்று மாற்றினார்கள்.

இந்த ஓட்டப்பந்தயத்தில் பட்டன் போன் வைத்திருப்பவர் எங்கே நிற்பார்? தளம் முதலில் ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தது. ஜூன் தொடக்கத்தில் இந்திய மொழிகளைச் சேர்த்தபோது முதல் பட்டியலில் தமிழ் இல்லை, இங்கே குரல் எழுந்த பிறகு சேர்ந்தது. டிஜிட்டல் வசதி இல்லாதவர்கள் இந்த ஏற்பாட்டில் எப்படி ஊசி பெறுவார்கள் என்று உச்ச நீதிமன்றமே மே 31ஆம் தேதி உத்தரவில் கேள்வி எழுப்பியது. அதற்கு ஒரு வாரம் முன்னால், மே 24 அன்று, அரசு மையங்களில் நேரில் வந்தே பதிவு செய்துகொள்ளலாம் என்று மத்திய அரசு தளர்த்தியிருந்தது. என்னைக் கேட்டால் கோவினில் நடந்த மிகச் சிறந்த யூசபிலிட்டி மாற்றம் அந்தத் தளர்வுதான். திரையில் எதை மாற்றியிருந்தாலும் அத்தனை பேருக்கு வழி திறந்திருக்காது. திறந்த ஏபிஐ நல்லது என்று நானும் மேடை போட்டுப் பேசுகிறவன்தான். ஆனால் பற்றாக்குறைப் பொருளை வரிசையில் பங்கிடும் இடத்தில், அது வரிசையின் முன்னால் நிற்பவர் யார் என்பதைத்தான் மாற்றியது.

அடுத்து, நம் ஊரில் எவரும் தப்பிக்க முடியாத ஒன்று: பெயர். தமிழ்நாட்டில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்து இனிஷியல், அவ்வளவுதான். பான் அட்டைப் படிவத்தில் கடைசிப் பெயர் கட்டாயம், அதில் இனிஷியல் போடக் கூடாது. ஆகவே எஸ். முருகன் அங்கே 'முருகன் சுப்பிரமணியன்' ஆகிறார், ஆதாரில் 'முருகன் எஸ்' என்று இருப்பார், பள்ளிச் சான்றிதழில் 'எஸ்.முருகன்', இடைவெளி இல்லாமல். 2017இல் பானையும் ஆதாரையும் இணைக்கச் சொன்னபோது கணினிக்கு இவர் இரண்டு பேர். பெயர் பொருந்தவில்லை என்று திரும்பி வந்தவர்களில் தமிழர்கள் ஏன் அத்தனை பேர் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. கடவுச்சீட்டில் ஒரே பெயர் இருந்தால் அமெரிக்க விசாவில் முதல் பெயர் இடத்தில் எஃப்என்யூ என்று விழும். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர்க் கடவுச்சீட்டில் சுற்றுலா விசாவில் வருகிறவர்களை அனுமதிக்க மாட்டோம் என்றபோது இங்கே எத்தனை வீடுகளில் பதற்றம்!

இவ்வளவுக்கும் காரணம், ஏதோ ஒரு டேட்டாபேஸில் இரண்டு கட்டங்கள் போட்டு, இரண்டையும் கட்டாயமாக்கியதுதான். அதைச் செய்தவருக்கு இது ஒரு நிமிட முடிவாக இருந்திருக்கும். பிரிட்டிஷ் அரசின் ஜிஓவி.யுகே குழு இதை வேறு மாதிரி அணுகியது. 2012 அக்டோபரில் பழைய இரண்டு பெரிய அரசுத் தளங்களுக்குப் பதிலாக வந்த தளம் அது. அதன் டிசைன் சிஸ்டம் (படிவம், பட்டன் போன்றவற்றை எப்படி அமைப்பது என்ற தொகுப்பு) முழுக்க ஓப்பன் சோர்ஸ், தாராளமான எம்ஐடி லைசென்ஸில், நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் கிடக்கிறது. பெயருக்கு முடிந்தவரை ஒரே கட்டம் வையுங்கள், எல்லா விதப் பெயர்களும் அதில் அடங்கும் என்பது அதில் எழுதி வைத்திருக்கும் அறிவுரை. லண்டனில் உட்கார்ந்து எழுதிய அந்த வரி, நம் ஊர்ப் படிவங்கள் பலவற்றைவிட எஸ். முருகனுக்கு நன்றாகப் பொருந்துகிறது. உங்கள் ஆப்பில் புகார்தாரர் பெயர் கேட்கத்தான் வேண்டும் என்றால் ஒரே கட்டம் போதும். கேட்கத்தான் வேண்டுமா என்பதை முதலில் யோசியுங்கள்.

அடுத்தது உங்கள் வாட்ஸ்அப் குழுவில் யாரும் பேசியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். உங்கள் பயனர் யார்? குடிமகன், போன், ஆப் என்று ஒரு படம் மனதில் இருக்கும். நடைமுறையில் நடுவில் ஒருவர் இருக்கிறார். இ-சேவை மையத்தில் உட்கார்ந்திருக்கும் பெண், ஜெராக்ஸ் கடையில் 'ஆன்லைன் அப்ளை' போர்டு மாட்டியிருக்கும் பையன், படித்த பக்கத்து வீட்டுப் பிள்ளை. வருமானச் சான்றிதழுக்கு விண்ணப்பிப்பவர் பல சமயம் கீபோர்டைத் தொடுவதே இல்லை, எதிரே நாற்காலியில் உட்கார்ந்து கேள்விக்குப் பதில் சொல்கிறார். விண்ணப்பம் விஏஓவிடம் போகும், ஆர்ஐயிடம் போகும், தாசில்தாரிடம் போகும். அதன் நிலை என்ன என்ற எஸ்எம்எஸ் மட்டும் கடைக்காரர் போனுக்குப் போகும், ஏனென்றால் ஓடிபிக்கு அவர் தன் நம்பரைப் போட்டிருப்பார். விண்ணப்பித்தவரிடம் அப்போது போன் இல்லை, அல்லது ரீசார்ஜ் முடிந்திருந்தது, அல்லது ஓடிபி வருவதற்குள் பக்கம் காலாவதியாகி எல்லாவற்றையும் மறுபடி அடிக்க வேண்டி வந்தது.

வடிவமைப்பாளர்கள் பலர் இதை ஒரு கோளாறாகப் பார்க்கிறார்கள். இடைத்தரகர் ஒழிய வேண்டும், மக்கள் நேரடியாக வர வேண்டும் என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. உதவுகிற ஆள் இருப்பது நம் சமூகம் இயங்கும் விதம், அதை ஏற்றுக்கொண்டு எழுதினால் சுமை குறையும். 'எனக்காக' ஒரு பட்டன், 'வேறொருவருக்காக' ஒரு பட்டன். விண்ணப்பதாரர் நம்பர் தனி, உதவியவர் நம்பர் தனி, செய்தி இருவருக்கும். கையில் கொண்டுபோக ஒரு துண்டுச்சீட்டு, அதில் புகார் எண் பெரிய எழுத்தில். பாதியில் நின்றால் பாதியிலிருந்து தொடர வழி. இவற்றில் எதுவுமே தொழில்நுட்ப ரீதியில் கடினமில்லை. யாரும் அந்தக் கடையில் ஒரு மதியம் உட்கார்ந்து பார்க்காததால் வராமல் இருக்கிறது.

சரி, புகார் ஆப்புக்கே வருவோம். இந்த வகையில் உலகத்திலேயே நீண்ட நாள் தாக்குப்பிடித்தவற்றில் ஒன்று பிரிட்டனின் ஃபிக்ஸ்மைஸ்ட்ரீட். மைசொசைட்டி என்ற அறக்கட்டளை 2007இல் தொடங்கியது. பெர்ல் என்ற நிரல்மொழியில் எழுதியது, ஏஜிபிஎல் லைசென்ஸ் (அது என்ன என்பதைக் கடைசியில் சொல்கிறேன்). அதைத் திறந்து பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும், அவ்வளவு சாதாரணம். அஞ்சல் குறியீட்டை அடி, வரைபடத்தில் இடத்தைத் தொடு, பிரச்சினையை எழுது, அனுப்பு. கெட்டிக்காரத்தனம் திரைக்குப் பின்னால் இருக்கிறது. பிரிட்டனில் ஒரே தெருவில் சாலைப் பள்ளம் ஒரு கவுன்சிலின் (உள்ளாட்சி அமைப்பின்) பொறுப்பு, குப்பை இன்னொரு கவுன்சிலின் பொறுப்பு என்று பிரிந்திருக்கும் பகுதிகள் உண்டு. எது யாருடையது என்று குடிமகன் தெரிந்துகொள்ளத் தேவையில்லை. எல்லை வரைபடங்களை வைத்துக்கொண்டு தளமே கண்டுபிடித்து உரிய கவுன்சிலுக்கு அனுப்பிவிடும். முதலில் கணக்கு திற, பாஸ்வேர்டு போடு என்றும் கேட்காது, மின்னஞ்சலில் வரும் இணைப்பை ஒரு முறை அழுத்தி உறுதி செய்தால் போதும். இதற்கு நேர் எதிர் அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீட்டுத் தளமான ஹெல்த்கேர்.கவ். 2013 அக்டோபர் 1 அன்று அது திறந்தபோது, திட்டங்களைப் பார்க்கவே முதலில் கணக்குத் திறக்கச் சொன்னது. கூட்டம் அந்த வாசலிலேயே நெரிசலில் சிக்கியது. அன்று முழுக்கப் பதிவை முடித்தவர்கள் 6 பேர்.

நம் ஊருக்கு இதைக் கொண்டுவந்து பாருங்கள். சென்னையில் ஒரு சாலை மாநகராட்சியுடையதா, நெடுஞ்சாலைத் துறையுடையதா என்று அங்கேயே பிறந்து வளர்ந்தவருக்கும் தெரியாது. பள்ளம் தோண்டியது குடிநீர் வாரியமாக இருக்கும், மூட வேண்டியது யார் என்பது தனிக் கதை. சின்ன ஊர்களில் ஊராட்சிச் சாலை, ஒன்றியச் சாலை, மாநில நெடுஞ்சாலை எல்லாம் கால் மணி நேர நடையில் வந்துபோகும். விளக்கு உள்ளாட்சியின் பொறுப்பு, கம்பத்தில் வரும் மின்சாரம் மின்வாரியத்தின் பொறுப்பு. உங்கள் ஆப் திறந்ததும் 'துறையைத் தேர்ந்தெடுக்கவும்' என்று ஒரு பட்டியல் நீட்டினால், நீங்கள் செய்ய வேண்டிய வேலையை அவரிடம் தள்ளிவிட்டீர்கள். தப்பான துறையைத் தேர்ந்தெடுத்தால் புகார் 'எங்கள் எல்லையில் வராது' என்று மூடப்படும், அவர் இரண்டாவது முறை வர மாட்டார். எந்தத் தெரு யாருடையது என்ற அட்டவணையைத் தயாரிப்பதுதான் உங்கள் திட்டத்தின் உண்மையான மென்பொருள் வேலை. அதை நகராட்சிப் பொறியாளர் அலுவலகத்தில் உட்கார்ந்துதான் எழுத முடியும். யாரும் திருத்தக்கூடிய திறந்த வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் சாலைகளைச் சரியாக ஏற்றினால் அடுத்த ஊர்க்காரனுக்கும் உபயோகப்படும்.

ஃபிக்ஸ்மைஸ்ட்ரீட்டில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இன்னொன்று. புகார் கொடுத்து நான்கு வாரம் கழித்து, 'சரி செய்துவிட்டார்களா?' என்று புகார் கொடுத்தவரிடமே கேட்டு ஒரு மின்னஞ்சல் வரும். வேலை முடிந்ததா என்று தீர்மானிக்கும் அதிகாரம் இதனால் அலுவலகத்திடம் மட்டும் இல்லை. 'முடிக்கப்பட்டது' என்று திரையில் பச்சை விழுந்தபின்னும் இருட்டாக இருக்கும் தெருக்கள் நம் ஊரில் எத்தனை! அதோடு, புகார் பொதுவில் தெரியும், ஆனால் பெயரை மறைத்துக்கொள்ளலாம். சின்ன ஊருக்கு இது இன்னும் முக்கியம். வார்டில் சாராயக் கடைக்குப் பின்னால் குப்பை கொட்டுகிறார்கள் என்று புகார் செய்தவர் பெயரும் நம்பரும் வரைபடத்தில் தெரிந்தால், மறுநாள் அவர் வீட்டு வாசலில் ஆள் நிற்கும். பெயரும் நம்பரும் இயல்பிலேயே மறைந்திருக்கட்டும்.

சப்மிட் பட்டனோடு மென்பொருள் முடிந்துவிட்டது என்று நினைப்பதுதான் நம் தொழிலின் பெரிய வியாதி. அமெரிக்காவில் அரசு சேவைகளுக்கு மென்பொருள் எழுதும் கோட் ஃபார் அமெரிக்கா அமைப்பின் இளைஞர்கள் சிலர் 2013இல் சான் பிரான்சிஸ்கோவில் உணவு உதவித் திட்டத்தைப் பார்க்கப் போனார்கள். இணைய விண்ணப்பம் 50 திரைகளுக்கும் மேல், முடிக்க முக்கால் மணி நேரமாகும், போனில் சரியாக வேலை செய்யாது. அவர்கள் எழுதிய கெட்கால்ஃப்ரெஷ் அதைப் போனிலேயே ஏறக்குறைய 10 நிமிட வேலையாக்கியது, சான்றுகளைப் படம் பிடித்து அனுப்பினால் போதும். இதுவரை வழக்கமான வெற்றிக் கதை. ஆனால் விண்ணப்பித்தவர்கள் அதற்குப் பிறகும் விழுந்துகொண்டிருந்தார்கள். நேர்காணல் அழைப்பைத் தவறவிடுவார்கள், புரியாத மொழியில் கடிதம் வரும், ஒரு காகிதம் குறைந்ததற்காக உதவி நிற்கும். அதன் பிறகு குழுவின் உழைப்பில் பெரும்பங்கு நினைவூட்டும் குறுஞ்செய்திகளுக்கும், அந்த அலுவலகங்கள் எப்படி வேலை செய்கின்றன என்று கற்பதற்கும் போனது. மெல்ல மெல்ல கலிஃபோர்னியாவின் 58 கவுன்டிகளுக்கும் (மாவட்டங்களுக்கும்) அது பரவியது.

பேரிடர் நேரத்து மென்பொருளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பக்கத்துப் புரோகிராமர்கள் பெரும்பாலும் சிவிக் டெக்குக்குள் நுழைவது அந்த வழியில்தான். 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை அடிப்படையாக வைத்து ஒரு வெள்ள வரைபடம் வந்தது. தெருவைத் தொட்டால் 'நீர் நிற்கிறது' என்று நிறம் மாறும், மறுபடி தொட்டால் போய்விடும். கணக்கு, பாஸ்வேர்டு எதுவும் இல்லை. தங்க இடம் தருகிறோம், சாப்பாடு தருகிறோம் என்ற தகவல்களோ சாதாரண கூகுள் ஷீட்டில் குவிந்தன. அதைவிட எளிய மென்பொருள் கிடையாது, அன்றைக்கு அதைவிட உபயோகமானதும் கிடையாது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கேரளாவில் உதவிக் கோரிக்கைகளைச் சேர்த்த கேரளாரெஸ்க்யூ.இன் தளம் இன்னும் ஒழுங்காக நடந்தது. தன்னார்வலர்கள் ஜாங்கோ என்ற நிரல் கட்டமைப்பில் எழுதி கிட்ஹப்பில் திறந்து வைத்தார்கள், மாநில ஐடி மிஷன் கூட நின்றது. அங்கே நெருக்கடி வேறிடத்தில் வந்தது. ஒரே குடும்பத்துக்காகத் துபாயிலிருந்து மகன் ஒரு கோரிக்கை, பெங்களூரிலிருந்து மருமகள் ஒரு கோரிக்கை, வாட்ஸ்அப்பில் பார்த்தவர் ஒரு கோரிக்கை. மீட்ட பிறகு எதையும் யாரும் மூடுவதில்லை. ஒவ்வொரு எண்ணுக்கும் போன் போட்டு 'இன்னும் உதவி வேண்டுமா' என்று கேட்க ஆட்கள் உட்கார வேண்டியிருந்தது. நிரல் எழுத வரிசையில் நின்றவர்களைவிட, போன் பேச வந்தவர்கள்தான் அந்தத் தகவல்களைப் படகுக்காரருக்குப் பயன்படும்படி ஆக்கினார்கள். உங்கள் திட்டத்திலும் நிரல் எழுதாத ஒருவரை இன்றே சேர்த்துக்கொள்ளுங்கள், முடிந்தால் உள்ளாட்சி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவரை.

இப்போது இரண்டாவது கேள்வி. நிரல் திறந்திருப்பதால் மட்டும் மக்களுக்கு நேரடி நன்மை எதுவும் இல்லை என்பதே என் நேர்மையான பதில். திறந்த நிரலைச் சுற்றி என்ன பழக்கம் இருக்கிறது என்பதில்தான் நன்மை. 2020இல் இரண்டு கொரோனா ஆப்கள் இதைக் காட்டின. ஆரோக்கிய சேது ஏப்ரலில் வந்தது, மே 26 அன்று அதன் ஆண்ட்ராய்டு நிரலைக் கிட்ஹப்பில் திறந்தார்கள். சர்வர் பக்க நிரல் (தகவல்களைச் சேர்த்து வைக்கும் மையக் கணினியில் ஓடுவது) அன்று வரவில்லை. அதற்குள் ஆப் கோடிக்கணக்கான போன்களில் ஏறியிருந்தது, முக்கியமான முடிவுகள் எல்லாம் எடுத்து முடிந்திருந்தன. ஜெர்மனியின் கொரோனா-வார்ன்-ஆப்பை எஸ்ஏபியும் டாய்ச்சே டெலிகாமும் எழுதின. ஜூன் 16 அன்று வெளிவருவதற்கு முன்பே வடிவமைப்பு ஆவணம், ஆப், சர்வர் எல்லாம் கிட்ஹப்பில் இருந்தன. வெளியாட்கள் குறை சொன்னார்கள், குழு அங்கேயே பதில் சொன்னது. இரண்டுமே ஓப்பன் சோர்ஸ்தான். ஆனால் முடிவுகள் இன்னும் மாறக்கூடிய நேரத்தில் திறந்தது ஒன்றுதான்.

அதே பழக்கத்தை ஊருக்குக் கொண்டுவரலாம். நாம் பக் டிராக்கர் (மென்பொருளின் பிழைகளைப் பதியும் பட்டியல்) என்று தினமும் பார்ப்பது என்ன? யாரும் குறை எழுதலாம், எல்லோரும் படிக்கலாம், மூடினால் ஏன் மூடினார்கள் என்ற காரணம் கீழே இருக்கும், ஒத்துக்கொள்ளாதவர் மறுபடி திறக்கலாம். நகராட்சிப் புகார்ப் புத்தகத்துக்கு இந்த நான்கு குணங்களும் வந்தால் அதுவே பெரிய விஷயம். 'நிலுவையில்' என்ற வார்த்தையை உங்கள் ஆப்பில் எங்கும் பார்க்கக் கூடாது. யாரிடம், எந்தத் தேதியிலிருந்து, எதற்காகக் காத்திருக்கிறது என்று எழுத முடியும்போது அந்த ஒற்றைச் சொல் எதற்கு?

தொடங்கும்போது எல்லாப் பிரச்சினையையும் எடுக்காதீர்கள். தெருவிளக்கை மட்டும் எடுங்கள், இரண்டு வார்டு போதும். விளக்கு எரிகிறதா இல்லையா என்பதில் விவாதத்துக்கு இடமில்லை, சரி செய்யும் செலவும் சின்னது, அலுவலகத்துக்கும் நல்ல பெயர் கிடைக்கும். நகராட்சி ஏற்கெனவே வைத்திருக்கும் முறையோடு சேராமல் தனியாக ஒரு திரையை அதிகாரி மேசையில் வைத்தால், இரண்டு இடத்தில் பதிவு செய்யும் சுமை அந்த எழுத்தர் தலையில் விழும். அவரும் உங்கள் பயனர்தான். முதல் சில மாதம் தினமும் காலையில் ஒரு பக்கம் அச்சிட்டு, கம்ப எண், தெரு, அடையாளம் போட்டு லைன்மேன் கையில் கொடுத்தால்கூடப் போதும். ஆப்பா, வெப்சைட்டா என்று அடுத்துக் கேட்பீர்கள். வெப்சைட். மலிவான போனில் இடம் அடைக்காது, புதுப்பிக்கச் சொல்லிக் கெஞ்ச வேண்டியதில்லை, ஜெராக்ஸ் கடைக் கணினியிலும் திறக்கும். கம்பத்தில் ஒட்டும் க்யூஆர் ஸ்டிக்கரில் அந்தக் கம்பத்தின் எண்ணையும் சேர்த்துவிட்டால் இடம் தேடும் வேலையும் இல்லை. கூடவே ஒரு போன் நம்பரும் இருக்கட்டும்.

லைசென்ஸ்: ஏஜிபிஎல் 3. காரணம், இது சர்வரில் ஓடுவது. அதன் மூத்த லைசென்ஸான ஜிபிஎல் போட்டால், யாராவது எடுத்து மாற்றித் தங்கள் சர்வரில் ஓட்டும்போது மாற்றிய நிரலைத் தர வேண்டிய கடமை வராது, ஏஜிபிஎல்லில் வரும். உங்கள் நிரலை ஒரு ஒப்பந்தக்காரர் எடுத்துப் பத்து நகராட்சிகளுக்கு விற்றால் விற்கட்டும், அவர் செய்த திருத்தங்களைப் பயன்படுத்துகிறவர்கள் கேட்டு வாங்க முடியும். தெரு அட்டவணையை நிரலோடு கலக்காமல் தனி ரெப்பாசிட்டரியில் (கிட்ஹப்பில் ஒரு தனித் தொகுப்பில்) வையுங்கள். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து எடுத்ததாக இருந்தால் அதற்குத் திறந்த தரவுகளுக்கான ஓடிபிஎல் லைசென்ஸ்தான் வரும், அதை மாற்ற உங்களுக்கு உரிமை இல்லை. திட்டத்தின் அறிமுகக் குறிப்பான ரீட்மீயைத் தமிழிலும் எழுதுங்கள், சர்வர் வாடகையையும் டொமைன் பெயரையும் யார் கட்டுகிறார்கள், அடுத்து எந்த மாதம் கட்ட வேண்டும் என்பதையும் அதிலேயே போட்டுவிடுங்கள்.